மதில் முதல் மதில் வரை

தெரு என்றதும் நினைவுக்கு வருவது தார் போட்ட வண்டிப்பாதை. நகரப் பொறியியலில் தெருவின் எல்லை அதைவிட அகலமானது. ஒரு பக்கத்து வீட்டு மதிலில் தொடங்கி எதிர்ப்பக்கத்து மதிலில் முடியும் பொது நிலம் முழுவதும் தெருதான். வண்டிப்பாதை, நடைபாதை, மரம், மின்கம்பம், பேருந்து நிறுத்தம், மழைநீர் வடிகால், பூக்கடைத் தட்டு, மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள் எல்லாம் அந்த நிலத்துக்குள்தான் இடம் பிடிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு இடம், யார் எந்த வேகத்தில் போகலாம் என்று முடிவு செய்வதே தெரு வடிவமைப்பு.

இந்த முடிவு உயிரோடு தொடர்புடையது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். இந்தியாவில் 2022-ல் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல், தம்மைச் சுற்றி இரும்புக் கூடு ஏதும் இல்லாதவர்கள்.

வேகத்தின் கணக்கு

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மோதலில் அந்த ஆற்றலை உடல் தாங்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்பது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம். மணிக்கு 50 கி.மீ. என்பது ஏறத்தாழ பத்து மீட்டர், மூன்று மாடி உயரம். ஓட்டுநருக்கு இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அடிபடுபவருக்கு அது பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசம்.

பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகும் தூரமும் இதே விதியில்தான் கூடுகிறது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார் 30 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். இதில் 8 மீட்டர் கால் அசைவதற்கு முன்பே கடந்துவிடும். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே கார் 14 மீட்டர் ஓடிவிடும். நிற்க மொத்தம் 28 மீட்டர் ஆகும். 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்கினால், 30 கி.மீ. வேகத்தில் வந்த கார் குழந்தைக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வந்த கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் குழந்தை இருக்கும். மோதல் முழு வேகத்தில் நிகழும்.

இந்தக் கணக்கின் விளைவாகவே, நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ. என்ற எல்லை உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முதன்மைச் சாலைகள் தவிர்த்த எல்லாத் தெருக்களிலும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தவறை எதிர்பார்க்கும் தெரு

விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் அலட்சியம் அல்லது நடப்பவரின் கவனக்குறைவு என்பதே நெடுங்காலம் நிலவிய பார்வை. நெதர்லாந்தில் அந்தப் பார்வை கேள்விக்குள்ளானது. அங்கே 1971-ல் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் ஒன்று எழுந்தது. டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்களில் நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலான மட்ட வேறுபாட்டை நீக்கி, மரங்களையும் இருக்கைகளையும் வைத்து நேர்க்கோட்டை முறித்தார்கள். அங்கே கார் ஒரு விருந்தாளிபோல நடை வேகத்தில் நகர வேண்டியிருந்தது. 'வூனர்ஃப்' எனப்படும் இந்த வாழ்விடத் தெருவுக்கு 1976-ல் சட்ட ஏற்பு கிடைத்தது.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் 'பூஜ்ய இலக்கு' கொள்கையை ஏற்றது. மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்பதே அதன் அடிப்படை. மனித உடல் தாங்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மோதலின் வேகத்தை அடக்குவது தெருவை வடிவமைப்பவரின் பொறுப்பு என்று கொள்கை சொல்கிறது. நார்வேயின் ஆஸ்லோ நகரம் மையப் பகுதியில் 700-க்கும் மேற்பட்ட பார்க்கிங் இடங்களை எடுத்துவிட்டு வேக எல்லையையும் குறைத்தது. 2019-ல் அந்நகரில் நடப்பவரோ சைக்கிளில் செல்பவரோ ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை.

அகலத்தைப் பங்கிடுதல்

ஓட்டுநர் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதைப் பலகையைவிடத் தெருவின் வடிவமே அதிகம் சொல்கிறது. அகலமான, நேரான, வெறிச்சோடிய பாதையில் 30 என்று எழுதி வைத்தாலும் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தும். பாதை குறுகி, ஓரத்தில் மரங்களும் மனிதர்களும் தெரிந்தால் கால் தானாகத் தளரும்.

நெடுஞ்சாலைக்கு உரிய அளவான 3.5 மீட்டர் தடத்தைப் பல நகரங்கள் உள்தெருக்களுக்கும் பயன்படுத்துகின்றன. நான்கு தடங்களுக்கு 14 மீட்டர் போய்விடும். தடத்தை 3 மீட்டராக்கினால் 12 மீட்டர் போதும். மீந்த 2 மீட்டரில் நடைபாதையை விரிக்கலாம், அல்லது நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு அமைக்கலாம். நகர வேகத்தில் போகும் கார்களுக்கு 3 மீட்டர் தாராளம். பேருந்தும் லாரியும் ஓடும் தடத்துக்குக் கூடுதலாகச் சற்று விட்டால் போதும்.

வண்டிப்பாதையின் அகலம் தெரு முழுக்க ஒரே சீராக இருப்பதும் முக்கியம். நிலம் கிடைத்த இடத்திலெல்லாம் அகலமாகவும் கிடைக்காத இடத்தில் குறுகலாகவும் தார் போட்டால், அகலத்தில் விரைந்த வண்டிகள் குறுகலில் முட்டி நிற்கும். குறுகலான இடத்தின் கொள்ளளவுதான் தெருவின் கொள்ளளவு. ஆகவே நல்ல வடிவமைப்பு வண்டிப்பாதையைச் சீராக வைத்து, கூடுதல் நிலத்தை நடைபாதைக்கும் மரத்துக்கும் பார்க்கிங்குக்கும் கொடுக்கிறது.

எத்தனை வண்டிகள் போகின்றன என்பதற்குப் பதில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினால் பங்கீட்டின் கணக்கே மாறும். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோவின் மதிப்பீட்டில், ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கார்களில் கொண்டுசெல்லும். அதே அகலம் பேருந்துகளுக்கென ஒதுக்கப்பட்டால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக இருந்தால் 9,000 பேர்.

நடைபாதையின் மூன்று பட்டைகள்

நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரிப்பது வழக்கம். மதிலையோ கடை முகப்பையோ ஒட்டிய பட்டை, கடைக்குள் நுழைபவர்களுக்கும் கண்ணாடிப் பெட்டியை நின்று பார்ப்பவர்களுக்கும் உரியது. வண்டிப்பாதையை ஒட்டிய பட்டையில் மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, குப்பைத்தொட்டி, இருக்கை ஆகியவை வரிசையாக நிற்கும். இடையில் உள்ள பட்டை நடப்பதற்கு மட்டுமே. அதில் ஒரு கம்பம்கூட நிற்கக் கூடாது.

இந்த நடைப் பட்டைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி வகுத்துள்ள குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். ஒரு சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல 90 செ.மீ. வேண்டும், எதிரெதிரே வரும் இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க அதன் இரு மடங்கு வேண்டும். குடை பிடித்தவரும் குழந்தையைக் கையில் பிடித்தவரும் விலகிக்கொள்ளவும் அதே அகலம் தேவைப்படுகிறது. அகலமான நடைபாதையில்கூட, நடுவே ஒரு மின்பெட்டி நின்று இருபுறமும் 80 செ.மீ. மட்டுமே விட்டால், அந்த இடத்தில் அதன் அகலம் 80 செ.மீ.தான்.

விளிம்புக்கல் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் விதி. சாலைக்கு மேல் சாலை போட்டு உயர்ந்துகொண்டே போகும் ஊர்களில் நடைபாதையும் போட்டிக்கு உயர்ந்து முழங்கால் அளவை எட்டுவதுண்டு. அத்தனை உயரம் ஏற முடியாத முதியவர் வண்டிப்பாதையின் ஓரமாகவே நடக்கிறார். வீட்டு வாசல்தோறும் வண்டி ஏறுவதற்காக நடைபாதையைச் சரித்துச் சரித்து விடுவதும் இதே விளைவைத் தரும். ஏறி இறங்கி நடப்பதற்குச் சலித்து மக்கள் கீழே இறங்கிவிடுவார்கள். சரியான முறையில் நடைபாதை தன் மட்டத்திலேயே தொடரும். வீட்டுக்குள் போகும் வண்டி, கம்பங்கள் நிற்கும் பட்டைக்குள் அமைந்த சிறு சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போகும்.

நடைபாதையில் பைக்குகள் ஏறுவதைத் தடுக்க நட்டுவைக்கும் குட்டைத் தூண்களில் ஒரு சிக்கல் உண்டு. சக்கர நாற்காலிக்கு விட வேண்டிய 90 செ.மீ. இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். இடைவெளியைக் குறைத்தால் ஸ்கூட்டரோடு நாற்காலியும் வெளியே நிற்கும். தூண்கள் கார்களைத் தடுக்கும். பைக்கைத் தடுக்க வண்டிப்பாதையில் நெரிசலைக் குறைப்பதும் அபராதமும்தான் வழி.

சாய்தளமும் புடைப்பு ஓடும்

நடைபாதை முடியும் இடத்தில் வண்டிப்பாதையின் மட்டத்துக்கு இறங்கும் சாய்தளம், சக்கர நாற்காலிக்கான கதவு போன்றது. அதன் சரிவு 1-க்கு 12-ஐ மிஞ்சக் கூடாது. 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும் என்று பொருள். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தன் கையால் சக்கரத்தைத் தள்ளுபவரால் ஏற முடியாது. இறங்கும்போது முன்பக்கமாகக் கவிழும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1970-களின் தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகள் போராடி இத்தகைய சாய்தளங்களை வலைப்பின்னலாகப் பெற்றனர். அவை வந்த பிறகு குழந்தை வண்டி தள்ளுபவர்கள், சக்கரம் வைத்த பெட்டியை இழுப்பவர்கள், சரக்கு இறக்குபவர்கள் எல்லோரும் அவற்றின் வழியாகவே போகத் தொடங்கினர். மிகக் குறைந்த வலு உள்ளவருக்குப் பொருந்தும் அளவு மற்றவர்களுக்கும் பொருந்துகிறது.

ஒரு சிக்கலைத் தீர்க்கும் சாய்தளம் வேறொன்றைக் கொண்டுவருகிறது. விளிம்புக்கல்லின் படியைக் கைத்தடியால் தொட்டுத்தான் நடைபாதை முடிவதைப் பார்வையற்றவர் அறிந்துகொள்வார். படி சரிவாக மாறினால் அந்த அடையாளம் மறைந்துவிடும். இதற்கு விடையாக அமைந்தது ஜப்பானில் செய்இச்சி மியாக்கே 1965-ல் உருவாக்கிய புடைப்பு ஓடு. 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலாக அது பதிக்கப்பட்டது. ஓடுகள் இரண்டு வகை. நீளக் கோடுகள் புடைத்தவை 'இப்படியே போகலாம்' என்று சொல்லும். வட்டப் புள்ளிகள் புடைத்தவை 'நில், கவனி' என்று சொல்லும். காலுக்கும் தடிக்கும் தெரியும் இந்த மொழியை ஓரளவு பார்வை உள்ளவரும் படிக்கவே அவை பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுகின்றன. அலங்காரத்துக்காக இரண்டையும் கலந்து பதித்தாலோ, கோட்டு ஓடு ஒரு மரத்தின் அடியில் போய் முடிந்தாலோ, ஓடு இல்லாத நடைபாதையைவிட அது ஆபத்தானது. ஏனெனில் அது நம்பிக்கை கொடுத்து வழி தவறச் செய்கிறது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகத்தக்க சாலைகளை அமைப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. சாய்தளமும் ஓடும் இதனால் உரிமையின் பகுதிகள் ஆகின்றன.

தெருவைக் கடப்பது

14 மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க ஏறத்தாழ 12 நொடி ஆகும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். இரு திசைகளிலும் வண்டிகள் ஒரே நேரத்தில் 17 நொடி இடைவெளி விடுவது அரிது. நடுவில் 2 மீட்டர் அகலத் திட்டு ஒன்று அமைந்தால், ஒருமுறைக்கு 6 மீட்டர், முதியவருக்கும் ஏழரை நொடிதான். பார்க்க வேண்டியதும் ஒரு திசையை மட்டுமே. சிக்னல் இருந்தால் அதன் பச்சை நேரத்தைத் துடியான இளைஞரின் நடையை வைத்துக் கணக்கிடாமல், மெதுவாக நடப்பவரை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒலி எழுப்பும் சிக்னல் பார்வையற்றவருக்கும் அந்த நொடிகளை அறிவிக்கும்.

வரிக்குதிரைக் கோடுகளை வெறும் பெயின்ட்டாக விடாமல், கடக்கும் இடத்தையே நடைபாதையின் மட்டத்துக்கு மேடாக்குவது மேலும் பலன் தரும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். வேகத்தடைக்கும் அளவு உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வடிவம் 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதைக் கடந்தால் குலுங்காது. தெருக்காரர்களே இரவோடு இரவாகப் போடும் கூர்மையான மேடு முதுகெலும்பையும் ஆம்புலன்ஸையும் உலுக்கும்.

சாலை அகலமானால் நடை மேம்பாலம் கட்டுவது பல ஊர்களின் வழக்கம். வண்டிகள் அடியில் போக ஐந்தரை மீட்டர் உயரம் விட்டு, பாலத்தின் தடிப்பையும் சேர்த்தால் ஏற வேண்டியது ஏறத்தாழ ஆறு மீட்டர், அதாவது 40 படி. இறங்க மீண்டும் 40 படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர் நீளும். லிஃப்ட் பழுதானால் வழி அடைபடும். தரை வழியே 12 நொடியில் கடக்கக்கூடிய இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடச் சுற்று என்றால், மக்கள் தடுப்புக் கம்பியைத் தாண்டிக் கீழேயே கடப்பார்கள். நடப்பவர் எங்கே கடக்க விரும்புகிறாரோ அந்த இடத்தில் பாதுகாப்பான வழி அமைப்பதே பயன் தரும் தீர்வு.

சந்திப்புகள்

தெருமுனையின் வளைவு எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு விரைவாகத் திரும்பும். வளைவின் ஆரத்தைக் குறைத்தால் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்; நடப்பவர் கடக்கும் தூரமும் குறையும். சிக்னலில் நிற்காமல் இடதுபுறம் திரும்பிச் செல்ல 'ஃப்ரீ லெஃப்ட்' அமைத்தால், நடப்பவருக்குப் பச்சை என்று ஒரு கணமே இல்லாமல் போகிறது. பார்க்கிங் தடத்தைச் சந்திப்புக்குச் சற்று முன்பே முடித்து நடைபாதையை வெளியே நீட்டுவதும் ஒரு முறை. நின்ற கார்களின் மறைவிலிருந்து திடீரென வெளிவர நேராமல், நடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் முன்பே பார்த்துவிடுவார்கள்.

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32. ஒரே தடமுள்ள ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே. எல்லா வண்டியும் வேகம் குறைத்து ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதல் ஏறக்குறைய மறைந்துவிடும். பல தடங்கள் கொண்ட பெரிய ரவுண்டானாவில் இந்த நன்மை குறைவு. அதில் நடப்பவர் கடப்பதும் கடினம்.

சைக்கிளும் பேருந்தும்

வேகம் குறைந்த தெருவில் சைக்கிள் மற்ற வண்டிகளோடு கலந்து போகலாம். வேகம் கூடிய சாலையில் அதற்குத் தனித் தடம் தேவை. அதுவும் விளிம்புக்கல்லாலோ நிறுத்திய கார்களின் வரிசையாலோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். தார்மீது வரைந்த ஒரு வெள்ளைக் கோடு எந்தக் காரையும் நிறுத்தியதில்லை.

பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடை நடைப் பட்டையை அடைக்காமல், கம்பங்கள் நிற்கும் பட்டையில் அமைய வேண்டும். இந்தியாவில் சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. வரை உயர்ந்திருக்கும், தாழ்தளப் பேருந்தில் அது 40 செ.மீ. நடைபாதை 15 செ.மீ. உயரத்தில் இருந்து, பேருந்து விளிம்பை ஒட்டி நின்றால், ஏற வேண்டியது 25 செ.மீ. மட்டும், மடக்குப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலியும் ஏறிவிடும். பேருந்து நடுச்சாலையில் நின்றால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். ஆகவே தாழ்தளப் பேருந்து வாங்குவதும் நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நிற்காமல் வடிவமைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

நிழல், வெளிச்சம், வடிகால்

வெப்ப நாட்டுத் தெருவில் மரம் அலங்காரப் பொருளல்ல. வெயிலில் அரை கிலோமீட்டர் நடக்க முடியாதவர் நிழலில் நடந்துவிடுவார். உயரக் கம்பத்து விளக்கு வண்டிப்பாதையைத்தான் ஒளிரச் செய்யும்; மரக்கிளைகள் நடைபாதையை இருட்டில் வைக்கும். கிளைகளுக்குக் கீழே நடைபாதைக்கெனத் தாழ்ந்த விளக்குகள் இருந்தால், இரவில் தனியே வரும் பெண்ணுக்கும் குழியைக் காண வேண்டிய முதியவருக்கும் உதவும். கடைகளும் தெரு வியாபாரிகளும் இருக்கும் தெருவில் கவனிக்கும் கண்கள் இருப்பதால் பாதுகாப்பு கூடும் என்று நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எடுத்துக்காட்டினார். தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆகவே அவர்களை விரட்டுவதற்குப் பதில், நடைப் பட்டைக்கு வெளியே அவர்களுக்கு இடம் குறித்துத் தருவது வடிவமைப்பின் பகுதி.

நடைபாதை 50-க்கு 1 என்ற மெல்லிய சாய்வில் இருந்தால் மழைநீர் வழிந்தோடும். சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்காது. குழாய்களும் கேபிள்களும் எங்கே ஓடுகின்றன என்று முன்பே திட்டமிட்டு, திறந்து மூடும் வழி வைத்தால், புதிதாகப் போட்ட நடைபாதையை அடுத்த மாதமே தோண்ட நேராது. பெங்களூரின் 'டெண்டர்ஷ்யூர்' திட்டச் சாலைகளில் இந்த ஒழுங்கு முதலிலேயே நிலத்தடியில் தொடங்கியது.

சென்னையும் சோதிக்கும் முறையும்

சென்னை மாநகராட்சி 2014-ல் இயந்திரம் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது அதன் இலக்கு. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நெரிசலுக்கும் பார்க்கிங்குக்கும் பேர் போன அந்தத் தியாகராய சாலையில் வண்டித் தடங்கள் குறைக்கப்பட்டு, இருபுறமும் அகலமான நடைபாதையும் இருக்கைகளும் வந்தன. தீபாவளிக் கூட்டம் தோளோடு தோள் உரசும் தெருவில், வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் நடந்துதான் கடைக்குக் கடை போகிறார்கள் என்ற எளிய உண்மையை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது.

கான்கிரீட் போடும் முன் சோதித்துப் பார்ப்பது செலவைக் குறைக்கும். பெயின்ட், கூம்புகள், தொட்டிச் செடிகளை வைத்துச் சில வாரங்களுக்கு அமைப்பை மாற்றி, வேகமும் கடக்கும் நேரமும் எப்படி மாறுகின்றன என்று அளக்கலாம். அளக்கும்போது ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். ஒரு தெருவில் சக்கர நாற்காலியே கண்ணில் படவில்லை என்பதால் சாய்தளம் தேவையில்லை என்று முடிவு செய்தல், பாலம் இல்லாத ஆற்றில் யாரும் கடக்கவில்லை என்பதால் பாலம் வேண்டாம் என்று சொல்வதைப் போன்றது. ஆகவே கணக்கெடுப்போடு, சக்கர நாற்காலியில் செல்பவர், கைத்தடி பிடித்த பார்வையற்றவர், பள்ளிப் பிள்ளை, முதியவர் ஆகியோருடன் அந்தத் தெருவை ஒருமுறை முழுக்க நடந்து பார்ப்பதும் சோதனையில் சேர்கிறது. அவர்கள் எங்கே நின்றார்களோ, எங்கே வண்டிப்பாதையில் இறங்கினார்களோ, அந்த இடங்களைக் குறித்துத் திருத்திய பிறகே வரைபடம் ஒப்பந்ததாரர் கைக்குப் போக வேண்டும்.